கடையில் பெரிய பாட்டில் சலவை லிக்விடை எடுத்துவிட்டு கான்சன்ட்ரேட் மட்டும் வைத்திருக்கிறார்கள், நமக்கு லாபமா நஷ்டமா?

தேன்மொழி:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் எப்போதும் மாதச் சாமான் வாங்குகிற கடையில் துணி துவைக்கிற லிக்விடின் பெரிய பாட்டில்களை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அதே கம்பெனி, அதே நிறம், அதே வாசனை, ஆனால் பாட்டில் பழையதில் பாதிதான், விலை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. விசாரித்தால் "இது கான்சன்ட்ரேட், பாதி ஊற்றினாலே போதும், இனிமேல் பழையது வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள்.

பாதி ஊற்றினால் போதும் என்று சொல்வது சுலபம். எங்கள் வீட்டில் மெஷின் போடுவது நான் மட்டும் இல்லை. மாமியாருக்கு மூடி நிறைய ஊற்றினால்தான் மனசு ஆறும், கணவருக்குக் கண்ணளவுதான், பையன் போட்டால் பாட்டிலைச் சாய்த்து நிமிர்த்துவதற்குள் எவ்வளவு விழுந்ததோ அதுதான் அளவு. எல்லோரும் பழைய பழக்கத்திலேயே ஊற்றினால் பாட்டில் பாதி நாளில் தீர்ந்துவிடும், செலவு இரட்டிப்பாகும். இதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். உள்ளே இருக்கிற சரக்கு உண்மையிலேயே இரண்டு மடங்கா, இல்லை சும்மா கொஞ்சம் கெட்டியாக்கி விற்கிறார்களா? தண்ணீர் கலந்து பழைய பெரிய பாட்டிலிலேயே ஊற்றி வைத்துவிட்டால் வீட்டில் யாரும் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லையே, அது சரிவருமா? கையால் துவைக்கிற துணிக்கு இது ஆகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


முரளிதரன்:

சகோதரி, நான் சலவைப் பொருள் தயாரிக்கிற ஆலையில் கலவைப் பிரிவில் வேலை பார்த்தவன். முதல் கேள்வியிலிருந்தே வருகிறேன்.

சாதாரண சலவை லிக்விடில் பெரும்பகுதி தண்ணீர்தான். அழுக்கெடுக்கிற வேலையைச் செய்வது சர்ஃபக்டன்ட் என்கிற பொருள். அதன் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும், சட்டைக் காலரில் படிந்திருக்கும் பிசுக்கைத் துணியிலிருந்து பிரித்துத் தண்ணீருக்குள் இழுத்து வருவது அப்படித்தான். அது போக புரதக் கறை, மாவுக் கறையை உடைக்கிற என்சைம்கள், வெள்ளையைப் பளிச்சென்று காட்டுகிற பிரைட்னர், வாசனை, கிருமி சேராமல் இருப்பதற்கான பொருள் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். மெஷினுக்குள்தான் குழாய்த் தண்ணீர் தானாக வந்து நிரம்புகிறதே, அப்புறம் எதற்கு ஆலையில் தண்ணீரை நிரப்பி, லாரியில் ஏற்றி, நீங்கள் கை வலிக்கத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்? ஒழுங்காகத் தயாரித்த கான்சன்ட்ரேட்டில் குறைவது அந்தத் தண்ணீர்தான். அழுக்கெடுக்கிற சரக்கு சின்ன பாட்டிலிலும் முழுசாக இருக்கும்.

தூளிலும் இது நடந்திருக்கிறது. பழைய முறையில், கூழாகக் கலந்த சரக்கை உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து தெளித்து, சூடான காற்றை எதிரே செலுத்தி உலர்த்துவார்கள். கீழே வந்து விழுகிற ஒவ்வொரு மணியும் உள்ளே வெற்றிடத்தோடு உப்பி லேசாக இருக்கும், கைப்பிடி அள்ளினால் எடையே தெரியாது. கூடவே சோடியம் சல்ஃபேட் நிறைய போகும், அது தூள் உதிரியாக ஓட உதவுமே தவிர அழுக்கை எடுக்காது. ஒரு லிட்டர் டப்பாவில் அந்தத் தூள் 300, 400 கிராம்தான் பிடிக்கும், இறுக்கித் தயாரித்த தூள் என்றால் 600லிருந்து 900 கிராம் வரை போகும். ஜப்பானில் காவோ கம்பெனி 1987-இல் அட்டாக் என்ற தூளைக் கொண்டுவந்தபோது பெட்டியே பழைய பெட்டியில் ஏறக்குறைய கால் பங்குதான், ஒரு ஸ்பூன் போதும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அதுவரை மக்கள் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான், அங்கே வேகமாக மாறிக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் "2 எக்ஸ்", "3 எக்ஸ்" என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. அந்தந்தக் கம்பெனி தன்னுடைய பழைய சரக்கோடு ஒப்பிட்டுச் சொல்வது அது. பழையதே நீர்த்துப்போன சரக்கு என்றால் அதன் மூன்று மடங்கும் பெரிய விஷயம் இல்லை. ஒரு கம்பெனியின் 3 எக்ஸ், இன்னொரு கம்பெனியின் 2 எக்ஸை விட வீரியம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர் கலப்பது. தயவுசெய்து வேண்டாம். பார்க்க எளிமையாகத் தெரியும், ஆனால் கான்சன்ட்ரேட்டில் சர்ஃபக்டன்ட் நெருக்கமாக அடைந்திருப்பதால் அது பாட்டிலில் ஓடுகிற பதத்தில் இருக்க வேண்டும் என்றே கிளைக்கால், ஆல்கஹால் மாதிரி கரைப்பான்களைக் கணக்காகச் சேர்த்திருப்பார்கள். நீங்கள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியதும் அந்தக் கணக்கு தவறும். சில சரக்கு நீர்க்காமல், நேர்மாறாக ஜெல்லி மாதிரி இறுகிக் கட்டி கட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு குலுக்கினாலும் சீராகக் கலக்காது. என்சைமுக்கும் இது ஆகாது. பாட்டிலில் தண்ணீர் குறைவாக இருப்பதும் அதை நிலைநிறுத்தப் போட்ட பொருளும்தான் என்சைம் தன்னைத்தானே அரித்துக்கொள்ளாமல் காக்கிறது, நீர்த்துவிட்டால் நாளாக ஆகக் கறை எடுக்கிற சக்தி இறங்கிக்கொண்டே போகும். கிருமி தடுக்கிற பொருளும் பாதியாகிவிடும், பாட்டிலுக்குள் புளித்த வாடை வர ஆரம்பிக்கும். எனவே கலக்க வேண்டிய இடம் மெஷினும் வாளியும்தான், பாட்டில் இல்லை.

கையால் துவைக்கலாம், தாராளமாக. ஆனால் முதலில் வாளித் தண்ணீரில் விட்டுக் கலக்கி, அப்புறம் துணியைப் போடுங்கள். நேராகத் துணி மேல் ஊற்றினால் பிரைட்னர் ஓரிடத்தில் திட்டாகப் படிந்துவிடும். சாயம் ஏற்றாத பருத்தி, வெளிர் காக்கி மாதிரித் துணியில் அந்தத் திட்டு வெயிலில் தனியாகத் தெரியும். கை எரிச்சல் வருகிறவர்கள் உறை போட்டுக்கொள்ளுங்கள், சரக்கு வீரியமானது என்பதை மறக்க வேண்டாம்.


ஷாஹிதா:

முரளி அண்ணன் ஆலைப் பக்கம் சொன்னார், நான் கடைப் பக்கம் சொல்கிறேன். அலமாரி அடுக்குகிற வேலையில் பல வருடம் இருந்தவள் நான்.

இரண்டையும் வைத்தால் என்ன, வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டுமே என்று தோன்றும். ஆனால் பெரிய பாட்டிலையும் சின்ன பாட்டிலையும் ஒரே விலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கை பெரியதுக்குத்தான் போகும். பின்பக்கம் திருப்பி எத்தனை சலவைக்கு வரும் என்று படித்துப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் எந்தக் கம்பெனி முதலில் பாட்டிலைச் சுருக்கினாலும் அதற்குத்தான் அடி. அலமாரியில் இடமும் குறையும், கண்ணிலும் படாது. எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் மாறினால்தான் யாருக்கும் நஷ்டம் இல்லை, ஆனால் போட்டிக் கம்பெனிகள் தாங்களாக ஒன்றுகூடுவது கஷ்டம். அதைச் செய்ய வைக்கிற பலம் கடைக்குத்தான் உண்டு.

அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. யூனிலீவர் கம்பெனி ஆல் ஸ்மால் அண்ட் மைட்டி என்ற சின்ன பாட்டிலை முன்பே கொண்டுவந்திருந்தது. 2007 செப்டம்பரில் வால்மார்ட், 2008 மே மாதத்துக்குள் அமெரிக்காவிலுள்ள தன் கடைகளில் கான்சன்ட்ரேட் லிக்விட் மட்டும்தான் விற்போம் என்று அறிவித்தது. அவ்வளவு பெரிய கடை சொன்னால் கம்பெனிகள் கேட்காமல் இருக்க முடியுமா, எல்லோரும் அந்தச் சமயத்தில் மாறினார்கள். மூன்று வருடத்தில் 40 கோடி காலன் தண்ணீர், 9.5 கோடி பவுண்டு பிளாஸ்டிக், 12.5 கோடி பவுண்டு அட்டை மிச்சமாகும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். கடைக்கும் லாபம் இல்லாமல் இல்லை. அதே லாரியில் கூடுதல் பாட்டில் வரும், அதே அலமாரியில் கூடுதல் பாட்டில் நிற்கும், அடிக்கடி போய் நிரப்ப வேண்டாம். அடுக்குகிற எங்கள் முதுகுக்கும் அது பெரிய நிம்மதி, பெரிய பாட்டில் பெட்டிகளைக் கீழிருந்து தூக்கி வைத்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

எனக்கு இருக்கிற ஒரே கோரிக்கை, அலமாரி விலைச்சீட்டில் லிட்டருக்கு இவ்வளவு என்று போடுவதை நிறுத்தி ஒரு சலவைக்கு இவ்வளவு என்று போட வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால் கான்சன்ட்ரேட் எப்போதும் அநியாய விலையாகத்தான் தெரியும். தேன்மொழி, நீங்கள் வாங்கும்போது விலையைச் சலவை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பல பாட்டில்களில் அந்த எண்ணிக்கை சுமாரான அழுக்கு, சுமாரான அளவுத் துணி என்று வைத்துப் போட்டது, கூட்டுக் குடும்பத்துக்கு அவ்வளவு வராது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.


செல்வம்:

தண்ணீரைச் சுமக்க வேண்டாம் என்பது சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பழையதை முழுக்க எடுத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டுமா என்பதில் நான் உடன்படவில்லை.

மிச்சம் என்று சொல்கிற எல்லாமே ஊற்றுகிற கையில் இருக்கிறது. பழைய அளவு 90 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள், புதியது 45 மில்லி. வீட்டில் யாரோ ஒருவர் பழக்கத்தில் 90 ஊற்றினால் சரக்கு இரண்டு மடங்கு சாக்கடைக்குப் போகிறது, இரண்டு மடங்கு ஆற்றுக்குப் போகிறது, பணமும் இரண்டு மடங்கு போகிறது. பிளாஸ்டிக்கிலும் மிச்சம் இல்லை, ஏனென்றால் இரண்டு மடங்கு பாட்டில் வாங்குகிறோம். இந்த ஆபத்து தயாரிப்பாளர்களுக்குத் தெரியாதா என்ன?

மூடியை எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். பாட்டில் பாதியாகிவிட்டது, மூடி மட்டும் ஏன் இன்னும் அவ்வளவு பெரிதாக இருக்கிறது? உள்ளே அளவுக் கோடு மூடியின் அடியில், மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். கோட்டுக்குத் தனி நிறம் கிடையாது, அதே பிளாஸ்டிக்கில் மயிரிழை மாதிரி மேடாக ஒரு வரி, நீல மூடிக்குள் நீல லிக்விடை ஊற்றினால் அது எங்கே இருக்கிறது என்று விளக்கைப் போட்டுப் பார்த்தாலும் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருப்பார்கள், எந்த எண் எவ்வளவு துணிக்கு என்பது பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில். வயதானவர்கள் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்துவிட்டா துணி துவைப்பார்கள்? மூடியை அளவுக்குத் தகுந்தபடி சின்னதாகச் செய்திருந்தால் தேன்மொழியின் மாமியார் மூடி நிறையவே ஊற்றலாம், ஒரு தப்பும் நடக்காது. இதைச் செய்யாமல் பழியை வாங்குகிறவர் மேல் போடுவது நியாயம் இல்லை.

இன்னொன்று. கையில் இருக்கிற காசுக்குக் கொஞ்சமாக வாங்கி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சலவைக்கு எவ்வளவு என்ற கணக்கு ஆறுதல் தராது, இன்றைக்கு எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பிரச்சனை. விலை குறைந்த பெரிய பாட்டில்தான் அவர்களுடையது. பெரியதை எடுக்கிற கடை, அதே விலைப் படியில் சின்ன கான்சன்ட்ரேட் பாக்கெட்டையாவது வைத்துவிட்டு எடுக்கட்டும்.


தேன்மொழி:

எல்லோருக்கும் நன்றி, முரளி அண்ணா தண்ணீர் கலப்பது பற்றிச் சொன்னது நல்லவேளையாகக் கேட்டேன். செல்வம் அண்ணா சொன்ன மூடி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், கோடு இருக்கிற இடம் விரல் வைத்துத் தடவினால்தான் தெரிகிறது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். பாதி அளவு போட்டால் நுரையே வருவதில்லை. நுரை வராமல் அழுக்கு எப்படிப் போகும் என்பதுதான் மாமியாருடைய கேள்வி, எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. பாதி என்பது எல்லாத் தண்ணீருக்கும் ஒன்றுதானா?


கற்பகம்:

தேன்மொழி, உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அவரிடம் அதைச் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள். அவர் கட்டி சோப்பில் துவைத்துப் பழகியவராக இருப்பார். உப்புத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும், சோப்பு முதலில் அதோடு சேர்ந்து திரிந்து வெள்ளைக் கசடாகப் போய்விடும், அது முழுக்கத் தீர்ந்த பிறகுதான் நுரை எழும்பும். அதனால் சோப்புக்கு நுரை வந்தது என்றால் போதிய அளவு போட்டாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்துக்கு அது சரியான அடையாளம்.

இந்த லிக்விடுக்கு அந்த அடையாளம் செல்லாது. இதிலுள்ள சர்ஃபக்டன்ட் உப்புத் தண்ணீரை ஓரளவு தாங்கும், சிலவகை நுரை அதிகம் தராது, முன்கதவு மெஷினுக்கென்று வருகிறதில் நுரையை அடக்குகிற பொருளையே சேர்த்திருப்பார்கள். முன்கதவு மெஷின் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத்தான் அழுக்கெடுக்கிறது. நுரை நிறைந்துவிட்டால் துணி மெத்தென்று விழும், அடி படாது. நுரையைக் கண்டால் பல மெஷின்கள் தானாகவே கூடுதலாக அலச ஆரம்பித்துவிடும், நேரமும் தண்ணீரும் வீண். அழுக்கைச் சூழ்ந்து பிடிக்கத் தேவையான அளவு சர்ஃபக்டன்ட் தண்ணீரில் சேர்ந்துவிட்டால், அதற்கு மேல் ஊற்றுவது துணியில்தான் தங்கும்.

பாதி எல்லாத் தண்ணீருக்கும் ஒன்றா என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. உங்கள் பழைய அளவில் பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வீட்டு அளவில் இல்லை. கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனால் மிகக் கடினமான தண்ணீர், அதற்கு லேபிளிலேயே கூடுதல் அளவு போட்டிருப்பார்கள், அதைப் பின்பற்றலாம். ஆனால் ரொம்பக் கடினமான தண்ணீர் என்றால் லிக்விடை விடத் தூள்தான் கைகொடுக்கும். தூளில் சோடியம் கார்பனேட், ஜியோலைட் மாதிரி உப்பைப் பிடித்துக்கொள்கிற பொருள்களைத் தாராளமாகச் சேர்க்க முடியும், லிக்விடில் அவ்வளவுக்கு இடம் இல்லை. இறுக்கித் தயாரித்த கான்சன்ட்ரேட் தூளும் வருகிறது, அதைக் கேட்டுப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் போட்டுக் கையால் நன்றாகக் கசக்குங்கள். தண்ணீர் வழவழப்பாகி நுரை கட்டினால், போன சலவையில் ஊற்றியது அலசிப் போகாமல் துண்டிலேயே இருக்கிறது. துண்டு விறைப்பாக இருப்பது, தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்குவது, மெஷின் கதவு ரப்பர் மடிப்பில் வழவழவென்று படிந்து வாடை அடிப்பது, இதெல்லாம் பெரும்பாலும் அதன் விளைவுதான். கண்ணால் பார்த்துவிட்டால் யாரும் வாதம் பண்ண மாட்டார்கள்.

மூடிக்கு வழி, இருமல் மருந்தோடு வருகிற சின்ன அளவுக் கிண்ணம். மில்லி கணக்கு தெளிவாக இருக்கும். தேவையான கோட்டில் நகச்சாயத்தால் ஒரு வட்டம் போட்டு, மெஷின் மேலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள், பெரிய மூடி பாட்டிலை மூடுவதற்கு மட்டும். மருந்துக்கு அந்தக் கிண்ணத்தைத் திரும்ப எடுக்கவே கூடாது, அதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.


ஜெயந்தி:

கற்பகம் அக்கா கடைசியில் சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் கவனம். சரக்கு வீரியமாக ஆக ஆக, கண்ணில் பட்டாலோ வாயில் போனாலோ பாதிப்பும் அதிகம். பழைய பெரிய பாட்டிலைக் குழந்தை தூக்கவே முடியாது, இது கைக்கு அடக்கமாக இருக்கிறது. தண்ணீர்ப் பாட்டில், ஜூஸ் பாட்டில் எதிலும் மாற்றி வைக்கக் கூடாது, வந்த பாட்டிலிலேயே மூடியை இறுக்கி உயரத்தில் வையுங்கள்.

சில கடைகள் இப்போது பாட்டிலையும் எடுத்துவிட்டு கேப்சூலுக்குப் போகின்றன. அளவு பிரச்சனை அதில் இல்லை, ஒன்றைப் போட்டால் முடிந்தது. ஆனால் தண்ணீர் பட்டால் கரைகிற மெல்லிய உறைக்குள் மிக அடர்த்தியான லிக்விட் அது, பார்க்க மிட்டாய் போல இருப்பதால் குழந்தைகள் கடித்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015லிருந்து கேப்சூல் வருகிற டப்பா உள்ளே தெரியாதபடி இருக்க வேண்டும், உறையில் கசப்பு சேர்க்க வேண்டும், தண்ணீரில் போட்டால் குறைந்தது 30 வினாடி கரையாமல் தாங்க வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள். ஈரக் கையோடு எடுத்தால் உறை விரலில் ஒட்டிப் பிய்ந்து கண்ணில் தெறிக்கும், கையைத் துடைத்துவிட்டு எடுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது விடாமல் கழுவி உடனே மருத்துவரிடம் போக வேண்டும், விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.